கடைசிப் பந்தி

முதல் பந்தி வந்து முழங்காலிட்டுவிட்டது. கைகள் நீண்டுவிட்டன. தட்டை எடுத்துக்கொண்டு இடது ஓரத்திலிருந்து தொடங்குகிறேன், கிறிஸ்துவின் சரீரம், ஆமென், கிறிஸ்துவின் சரீரம், ஆமென். குனிந்து கொடுக்கிற ஆளுக்கு முகம் சரியாகத் தெரியாது, உச்சந்தலையும் உள்ளங்கையும்தான் தெரியும், அதனால் இந்த ஸ்கார்பரோ தமிழ்ச் சபையை நான் கைகளாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன். இது கோழி வெட்டும் தொழிற்சாலையில் கத்தி பட்ட கட்டைவிரல். இது விக்ஸ் மணக்கும் கை, இருமல் இன்னும் விடவில்லை போலிருக்கிறது, பாத்திரத்தில் அவருக்குப் பிறகு குடிக்கப் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இது மருதாணிச் சிவப்பு போகாத கை, போன வாரம் யார் வீட்டில் கல்யாணம், எனக்குச் சொல்லவில்லையே, சரி, சொல்லவில்லை, விடு. ஆமென். காலடியில் கம்பளம் ஈரம், பூட்ஸோடு உள்ளே வந்த பனி உருகி ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஆராதனை நடத்திய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன காப்பி வாசனை இன்னும் சுற்றுகிறது. சுவரோரம் வெப்பக்குழாய் யாரோ கதவைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியே பிப்ரவரி, உள்ளே கூரை, சூடு, முழங்காலிட வந்த மனிதர்கள். அம்மாவாக இருந்தால் இதற்கு ஒரு ஸ்தோத்திரம் போட்டிருப்பாள். பாளையங்கோட்டையில் கரண்ட் வந்தால் ஸ்தோத்திரம், பால்காரன் வந்தால் ஸ்தோத்திரம். நானோ குருமடத்தில் படித்துவிட்டு வந்த குருவானவர், கரண்டுக்கெல்லாம் சொல்வதில்லை. ஆனாலும் வாய்க்குள் வந்துவிடுகிறது, ஸ்தோத்திரம்.

தட்டில் அப்பம் குறைவு. காலையில் நானே குறைத்துத்தான் எடுத்து வைத்தேன், திராட்சை ரசத்தையும் குறைத்துத்தான் ஊற்றினேன். வலதுபக்கப் பெஞ்சுகள் எழுந்து வராது. இலைகள் சிவந்த காலத்திலிருந்து இப்படித்தான். ஞாயிறு தவறாமல் வருவார்கள், பாடுவார்கள், சபையின் நல்ல குரல்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான், பாவ அறிக்கையை என்னோடு சேர்ந்து சொல்வார்கள், பிரசங்கத்தில் கொட்டாவி விடுவார்கள், அதிலெல்லாம் வேற்றுமை பாராட்டுவதில்லை. பந்திக்கு அழைக்கும்போது மட்டும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஓர் ஆணை மணந்துகொண்ட ஆண் கொடுக்கிற அப்பம் வேண்டாம். ஊரில் பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள், இவர்கள் படைக்கு முந்திப் பந்திக்கே வராமல் போனவர்கள். முதல் வாரங்களில் எனக்கு அந்தப் புத்தி இல்லை. எல்லாருக்கும் சேர்த்துத் தட்டு நிறைய வைத்தேன், பாத்திரம் நிறைய ஊற்றினேன். எங்கள் வழக்கப்படி, ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த அப்பமும் ரசமும் மிஞ்சினால் குருவானவர் அங்கேயே உண்டு குடித்துத் தீர்க்க வேண்டும், தொட்டியில் ஊற்றக் கூடாது, அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கக் கூடாது. நானோ மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த மனிதரின் மகன், பாயசத்தில் திராட்சை ஊறியிருந்தாலே முகர்ந்து பார்க்கிற வீடு. பீடத்துக்குப் பின்னால் நின்று, வராத அத்தனை பேரின் பங்கையும் மடக்கு மடக்காகக் குடித்தேன். அது தித்திப்பான ரசம், ஆனால் தொண்டையில் இறங்கும்போது ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு பெயர் இருந்தது. காது சூடாகி, கால் லேசாகி, அங்கிகளைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் இளங்கீரன் கார் பக்கத்தில் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றான். "நேசன், நீ குடிச்சிட்டாய். திறப்பைத் தா." முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க நோயாளிகளைப் புரட்டிப் போட்டுவிட்டு, குளித்து, நேராகக் கோயிலுக்கு வருகிறவன். தூக்கத்தில் கண் செருகச் செருக அவன்தான் வீடு வரைக்கும் ஓட்டினான். வாராவாரம் நான் குறைத்தேன், அவர்களும் குறைந்தார்கள், மிச்சம் மட்டும் மிஞ்சிக்கொண்டே இருந்தது. அவன் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை.

இரண்டாம் பந்தி. எழுந்து போங்கள், சமாதானத்தோடே போங்கள். ரஞ்சிதம் அக்கா எனக்குப் பின்னால் பாத்திரத்தைக் கொண்டுவருகிறாள், துணியால் விளிம்பைத் துடைத்து ஒரு சுற்றுச் சுற்றி நீட்டுகிறாள், எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்து நாசரேத்துக்காரி, எதையும் அழுத்தித் துடைக்கிற கை. இந்த அக்காவின் ஒரு சொல்லால்தான் நான் அன்றைக்கு விழாமல் நின்றேன். விஷயத்தை நான் சபைக்குச் சொன்ன நேரம் அப்படிப்பட்ட நேரம், வேறு யாராவது இப்படிச் செய்வார்களா தெரியாது, அறிவிப்புகளின்போது சொன்னேன். புதன்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், கோயில் முற்றத்தில் புல் வெட்ட ஆள் தேவை, வருகிற மாதம் இளங்கீரனும் நானும் நகர மண்டபத்தில் திருமணம் செய்துகொள்கிறோம், ஆயருக்குத் தெரியும், ஆசீர்வதித்திருக்கிறார். அதே குரலில். பயத்தில் குரலை மாற்றத் தெரியவில்லை. கோயில் முழுக்க மூச்சு நின்றது. வெப்பக்குழாய் கூட நின்றது என்று நினைக்கிறேன், அப்போது வெயில்காலம், அது ஓடியிருக்கவே முடியாது, ஆனால் என் ஞாபகத்தில் அதுவும் நின்றது. அந்த அமைதிக்குள் முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஆமென்." யோசிக்காமல், வாய்ப்பழக்கத்தில். சொல்லிவிட்டு அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அடுத்த வாரம் தைரியமாகக் கேட்டேன், அக்கா, தெரியாமல்தானே சொன்னீங்க. "தெரியாமத்தான் சொன்னேன் ஐயா. சொன்னதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன், வாபஸ் வாங்க ஒரு காரணமும் அம்புடல. அதான் விட்டுட்டேன்." இதைவிடச் சுத்தமான ஆமென் ஒன்றை நான் கேட்டதில்லை. ஊர்ப்பக்கத்தில் குருவானவரின் மனைவியை ஐயரம்மா என்பார்கள், பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அக்கா இளங்கீரனிடமே போய், "தம்பி, ஐயரம்மா வேலை உமக்கு வேணுமா, நான் பார்த்துக்கிடவா?" என்று கேட்டதும், அவன், "எனக்கு நைட் டியூட்டி அக்கா, நீங்களே பாருங்கோ," என்று கையெடுத்துக் கும்பிட்டதும் சபை வரலாற்றில் எழுதப்படாமல் போகும். என் மனசில் எழுதியே இருக்கிறது.

ஆனால் பயம் போகவில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் முடிவைச் சொல்வதாக வலதுபக்கம் போன ஞாயிறு கூட்டத்தில் சொல்லியிருக்கிறது. ஒன்று இங்கேயே இருப்பது, அல்லது ஈஸ்டர் முதல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, எங்கள் ஆயரை ஒப்புக்கொள்ளாத வேறோர் ஆயருக்குக் கீழே போய்விடுவது. எங்கள் திருச்சபையே உலகம் முழுக்க இதில் இரண்டாகப் பிளந்துதான் கிடக்கிறது, ஆயர்களே ஒருவரோடொருவர் பந்தியில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், ஸ்கார்பரோவில் ஒரு மூலைக் கோயில் மட்டும் ஒட்டிக்கொண்டா இருக்கும். அவர்கள் போனால் மீதி இருக்கிறவர்களுக்காகத் தனியாக ஒரு தமிழ் ஆராதனை நடத்தத் திருமண்டலத்துக்குக் கட்டுப்படியாகாது. மூடிவிடுவார்கள். விக்ஸ் கையும் மருதாணிக் கையும் அவரவர் வீட்டில் இருந்துவிடும். என்னால் ஒரு சபை மூடிற்று என்று ஆகிவிடும். கூட்டத்தில் அரியரத்தினம் மாஸ்டர் எழுந்து நின்றதை நினைத்தால் இப்போதும் காது அடைக்கிறது. வலதுபக்கத்துக்கு அவர்தான் தலை, யாழ்ப்பாணத்தில் கணக்கும் வேதமும் படிப்பித்த மனிதர், பாட்டுக்குழுவில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். என் பக்கம் திரும்பி, மரியாதை ஒரு துளி குறையாமல் சொன்னார், "பாதர், உங்கட வாழ்க்கையை நான் ஏற்கேல்லை. ஒருநாளும் ஏற்க மாட்டன்." அதற்குப் பிறகும் அவர் நெடுநேரம் பேசினார், ஏதோ விதி, ஏதோ இலக்கம், பழைய காலம். மாஸ்டர் ஆயிற்றே, பாடம் நடத்தாமல் உட்காருவாரா. ஆனால் என் காது அந்த முதல் வாக்கியத்தோடு கதவைச் சாத்திவிட்டது. வாரம் முழுக்க அது ஒன்றுதான். பல் தேய்க்கும்போது ஏற்கேல்லை. பனி தள்ளும்போது ஒருநாளும் ஏற்க மாட்டன். இன்று காலை டப்பாவிலிருந்து அப்பத்தை எண்ணும்போதும் அதுதான் ஓடியது, எனக்கு அழுகை வந்தது, வேண்டாதவனுக்கு எதற்கு எண்ணி வைக்க வேண்டும் என்று இடதுபக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

மூன்றாம் பந்தி, இடதுபக்கத்தின் கடைசிப் பெஞ்சுகள், இதோடு முடிந்தது. கிறிஸ்துவின் சரீரம், ஆமென். தட்டில் சில அப்ப வில்லைகள் மிச்சம், ஒரு வாய்க்குள் அடங்கும், ரசமும் அதிகம் இருக்காது, பரவாயில்லை, சரியாகத்தான் கணக்குப் பண்ணியிருக்கிறேன். சமாதானத்தோடே போங்கள். நான் பீடத்துக்குத் திரும்புகிறேன். திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், பெஞ்சு மரம் ஒன்றாகக் கிறீச்சிடுகிற சத்தம், பிறகு பூட்ஸ்கள், ஈரக் கம்பளத்தில் பொதக் பொதக்கென்று நிறையப் பூட்ஸ்கள். போகிறார்கள். ஆராதனை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை, எழுந்து போகிறார்கள். திரும்பிப் பார்க்காதே, கையில் தட்டு இருக்கிறது, பீடத்தைப் பார். அம்மா போன வாரம் போனில் கேட்டாள், "உன்கூட இருக்க பையனுக்குச் சளி சரியாச்சா? எனக்கு உங்க விஷயம் ஒண்ணும் புரியலப்பா. புரியாட்டா என்ன, கஷாயம் வச்சுக் குடு." அவ்வளவு போதும் எனக்கு, அது நிறையவே அதிகம், இந்தச் சபை மூடினாலும் அம்மா இருக்கிறாள், கஷாயம் இருக்கிறது, அவன் இருக்கிறான், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், வாசல் கதவு திறக்கும் சத்தம் ஏன் இன்னும் வரவில்லை. குளிர்காற்று உள்ளே வரவேண்டுமே. ரஞ்சிதம் அக்கா என் அங்கியின் கையைப் பிடித்து இழுக்கிறாள். "ஐயா. பந்தி வந்திருக்கு."

பீடத்துக்கு முன்னால் கிராதி முழுக்க ஆள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்காலிட்டு, கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் நடுவழியிலும் நிற்கிறார்கள், பாட்டுக்குழு, பிள்ளைகளின் தாய்மார், என்னைக் கடையில் கண்டால் பால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர். மறந்தே போன கைகள். இந்தத் தழும்பு யாருடையது, ஆமாம், போரில் ஷெல் பட்ட தழும்பு, ஒரு காலத்தில் வாராவாரம் இதில் அப்பம் வைத்திருக்கிறேன். ஏன் வந்தார்கள் என்று யோசிக்க நேரமில்லை, என் கையில் இருப்பது தட்டு, தட்டில் இருப்பது ஒரு வாய். கடவுளே, நான் இவர்களை எண்ணவே இல்லையே. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி உட்கார்ந்த பிறகு சோறில்லை என்று போய்ச் சொல்கிற ஆள் போல ஆகிவிட்டேன். மறுபடியும் பீடத்துக்குப் போய், வேறு அப்பம் எடுத்து, ஜெபம் சொல்லிப் பிரதிஷ்டை செய்யலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் நான் உள்ளறைக்குப் போய் வருவதற்குள் இவர்கள் எழுந்து போய்விட்டால்? கால் நகரவில்லை. வில்லையை இரண்டாகப் பிட்டேன். போதாது. நாலாக. மெல்லிய வில்லை, நகத்தின் கீழே நொறுங்குகிறது. கிறிஸ்துவின் சரீரம், ஆமென். வேதத்தில் ஐந்து அப்பம் பெருகினது போல எதுவும் நடக்கவில்லை, தட்டு பெருகவில்லை, துண்டுதான் சிறிதாகிக்கொண்டே போகிறது. பின்னால் அக்கா உதடு நனையும் அளவுக்கு மட்டும் பாத்திரத்தைச் சாய்க்கிறாள். ஒருத்தரும் துண்டைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஒரு தாய் தன் துண்டில் ஒட்டியிருந்த பொடியைக்கூட நாக்கால் எடுத்துக்கொள்கிறாள். என் கண் மறைக்கிறது, மூக்கைத் துடைக்கக்கூட ஒரு கை இல்லை.

நடுவழியில் நின்றவர்களும் வந்து வாங்கிய பிறகு, ஓரத்தில், கடைசியாக, அரியரத்தினம் மாஸ்டர். முழங்கால் மடங்காது, ஆனாலும் கிராதியைப் பிடித்து மடக்கியிருக்கிறார். சாக்கட்டி பிடித்தே விறைத்த விரல்கள், இரண்டு உள்ளங்கையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளைகளை எப்படி நீட்டச் சொல்லியிருப்பாரோ அப்படி நீட்டியிருக்கிறார். அந்தக் கையைப் பார்த்ததும்தான், சாத்திய கதவு திறந்து, வாரம் முழுக்க வெளியே நின்ற மீதி வாக்கியங்கள் உள்ளே வருகின்றன. அவர் சொன்னார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், அவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். "ஆனா அப்பம் பாதரின்டை இல்லை. இருபத்தாறாம் விதியை எடுத்துப் பாருங்கோ. குடுக்கிற கை ஆரின்டை கையா இருந்தா என்ன, அப்பம் கர்த்தரின்டை. கையைப் பாத்துப் பந்தியால எழும்பிப் போறது எங்கட முறையில்லை. இவ்வளவு நாளும் நாங்கள் விட்டது பிழை." எங்கள் சபையின் பழைய முப்பத்தொன்பது விதிகளில் அப்படி ஒன்று இருக்கிறது, குருவானவர் எவ்வளவு தகுதியற்றவராக இருந்தாலும் அவர் கொடுக்கிற நற்கருணையின் அருள் கெடாது என்று. குருமடத்தில் நானும் பரீட்சைக்குப் படித்தேன், குடிகாரப் பாதிரிகளுக்காக எழுதினது என்று நினைத்துச் சிரித்தேன். ஆக, மாஸ்டர் மனம் மாறவில்லை. நான் கெட்ட கை, அதில் அவருக்குச் சந்தேகமில்லை. கெட்ட கையிலிருந்து நல்ல அப்பத்தை வாங்கிக்கொள்ள, வலிக்கிற முழங்காலை மடக்கி, தன் ஆட்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டும், வருகிறது, கொஞ்சம் வருகிறது. அதைவிட நன்றி முட்டிக்கொண்டு வருகிறது. என்னை ஏற்றுக்கொள்ளாமலே என்னோடு இருக்கத் தீர்மானித்த ஒரு மனிதர். நான் மட்டும் அவரை ஏற்றுக்கொண்டேனா. எண்ணவே இல்லை, டப்பாவை மூடினேன்.

தட்டில் ஒரு பொடி இருக்கிறது, கட்டெறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும் அளவு. அதை விரல் நுனியில் ஒற்றி எடுக்கும்போது பக்கத்தில் நிழலாடுகிறது. இளங்கீரன். கடைசிப் பெஞ்சில் தூங்கிப் போயிருப்பான், சத்தத்தில் விழித்திருப்பான். அவன் சைவ சமயம், ஞானஸ்நானம் வாங்காதவன், அப்பம் எடுப்பதில்லை, எல்லாரும் போன பிறகு கடைசியாக வந்து, எடுக்காதவர்களின் வழக்கப்படி மார்பில் கைகளைக் குறுக்காகக் கட்டி முழங்காலிடுவான், நான் ஒரு ஆசீர்வாதம் சொல்வேன், அவ்வளவுதான். இன்று கிராதியில் இடமில்லை. மாஸ்டருக்கு அந்தப் பக்கம் சுவர் வரைக்கும் அரை ஆள் இடம். அவன் தயங்கி நிற்கிறான், என்னைப் பார்க்கிறான், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாஸ்டர் தலையைத் திருப்பவில்லை. ஆனால் முழங்காலை நகர்த்துகிறார், ஒரு முனகலோடு, நெருக்கமான பஸ்ஸில் இன்னொரு ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி. இளங்கீரன் அந்த இடத்தில் முழங்காலிட்டுத் தோளை ஒடுக்கிக்கொள்கிறான். இரண்டு தோள்களும் உரசுகின்றன. நான் பொடியை மாஸ்டரின் உள்ளங்கையில் வைக்கிறேன். கிறிஸ்துவின் சரீரம். அவர் அதை உற்றுப் பார்க்கிறார், பிழையான விடைத்தாளைப் பார்ப்பது போல. வாயில் இட்டுக்கொண்டு, "ஆமென்," என்கிறார். பிறகு, கிராதியில் யாரும் பேசவே கூடாது, அவருக்குத் தெரியாத விதியா, ஆனாலும் கணக்கு வாத்தியாரால் ஒரு பிழையைத் தாண்டிப் போக முடியவில்லை, தாழ்ந்த குரலில் சொல்கிறார், "துண்டு காணாது, பாதர். வாற கிழமை எங்களையும் எண்ணி வையுங்கோ."

வாற கிழமை. அவ்வளவுதான். அடுத்த வாரமும் வருவார்கள், ஆராதனை முடிந்ததும் சொல்வதாக இருந்த முடிவு இதுதான், முடிந்துவிட்டது. தலையாட்டுகிறேன். தட்டு காலி, என் கை காலி. காலிக் கையை இளங்கீரனின் தலையில் வைக்கிறேன். ஷாம்பு வாசனைக்கு அடியில் முதியோர் இல்லத்து மருந்து வாசனை, அது எத்தனை குளித்தாலும் போகாது. எத்தனையோ முறை சொன்ன ஆசீர்வாதம், முதல் சொல் என்னவென்றே மறந்துவிட்டது. கையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறான், பக்கத்தில் மாஸ்டரும் எழாமல் காத்திருக்கிறார், முழங்கால் வலிதானோ என்னவோ. கடைசியில் வாயில் வந்தது ஸ்தோத்திரம் என்ற ஒரே சொல். அதையே சொன்னேன். ரஞ்சிதம் அக்கா பின்னாலிருந்து ஆமென் போட்டாள், இந்த முறை யோசித்துத்தான் போட்டாள். பீடத்துக்குத் திரும்பிப் பாத்திரத்தைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்க்கிறேன். அடியில் ஒரு சிவப்பு வளையம், அவ்வளவுதான். குடித்துத் தீர்க்க ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், பச்சைத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். இன்றைக்குத் திறப்பை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் கார் நானே ஓட்டுவேன், அவன் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டு வரட்டும்.